பிஜிக்கும் ஓர் இருக்கை

இட்டலிப் பொட்டலம் இரண்டு வந்தது. அதுதான் முதலில் சரியாகப்படவில்லை.

கழக்கூட்டம் மேம்பாலத்துக்குக் கீழே, மழை விட்டும் விடாமலும் இருந்த காலையில், முதுகுப்பைகளோடு நின்ற கூட்டத்துக்குள் ஷாஜி பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டே வந்தான். பயணத்தை நடத்துகிறவன் அவன்தான். ஜெஸியின் கையில் ஒன்றை வைத்தான். அதன் மேல் இன்னொன்றையும் வைத்துவிட்டு, "வேகம் சாப்பிட்டிருங்க கேட்டோ, வண்டி எடுக்கப் போகுது" என்று நகர்ந்துவிட்டான்.

தங்கை வரவில்லையா என்று அவன் கேட்பான் என்றுதான் ஜெஸி நினைத்திருந்தாள். பாறசாலையிலிருந்து வரும் வழியெல்லாம் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். உடம்புக்குச் சுகமில்லை, கடைசி நேரத்தில் முடியாமல் போய்விட்டது. அவன் கேட்கவே இல்லை.

மணாலி வரை பஸ்ஸிலேயே போகிற பயணம், இளவட்டங்களுக்கு மட்டும். இன்று தூங்கிய ஊரில் நாளை தூங்கக் கூடாது என்பதுதான் அவர்கள் விளம்பரமே. தங்கை பிஜிதான் நச்சரித்து இருவருக்குமாகப் பதிவு செய்யவைத்தாள். "கல்யாணம் கழிஞ்சா உன்னை எவன் விடுவான்? இப்பவே போயிருவோம்க்கா." அதற்குள் ஆனி மழை. பைபாஸில் ஒரு லாரி. சவப்பெட்டியை மூடியேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பிஜியின் இடத்தை ரத்து செய்ய ஜெஸிக்குக் கை வரவில்லை. அவள் வரமாட்டாள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், அவள் இல்லை என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். இத்தனை நாளில் ஜெஸி அதை யாரிடமும் சொன்னதில்லை. "ஒத்தைக்கு எங்க மக்களே போற?" என்று அம்மை வாசலில் நின்று அழுதபோதும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். நனைந்த ரெக்சின் வாடையும் டீசல் புகையும் யாரோ பிரித்த தேங்காய்ச் சட்னியின் மணமும் கலந்து முகத்தில் அடித்தன. முன்னிருக்கைகளில் பாட்டும் சிரிப்பும். பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது. கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்துப் பெண், ஜானவி. பஸ் ஏறும்போதே பேர் சொல்லிக் கைகுலுக்கியவள்.

"உங்க தங்கை சாய்ஞ்சு தூங்கிண்டிருக்கா. சாரல் அடிக்கறது. ஜன்னலைச் சாத்தட்டுமா?"

ஜெஸி திரும்பினாள். காலி இருக்கை. ரெக்சினில் மழைத்துளிகள் உருண்டு நின்றன. ஜானவி எட்டி, தூங்குகிறவளின் மேல் கை படாதபடி வளைத்து, ஜன்னலை இழுத்து மூடினாள்.

ஜெஸியின் இடது தோள் மட்டும் மெதுவாகக் குளிர ஆரம்பித்தது.

விழிஞ்ஞத்தில் இறங்கியதும் ஷாஜி கைதட்டி விரட்டினான். படம் எடு, சாயா குடி, ஓடி வா. மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று முட்டி முனகின. காய்ந்த வலையின் உப்புவாடை. தொலைவில் புதிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. எல்லாரையும் சேர்த்து ஜானவி படம் எடுத்தாள்.

"ரெண்டு பேரும் அழகா விழுந்திருக்கேள், பாருங்கோ."

ஜெஸி போனை வாங்கிப் பார்த்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. அதற்கு அப்பால் நின்ற பெண் ஒருத்தி அந்த இடைவெளியின் மேல் கையைப் போட்டிருந்தாள். தோள் உயரத்தில், எதன் மேலும் படாமல், அந்தக் கை சுகமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவ என்ன உடுத்தியிருக்கா?" தன் குரல்தானா என்று ஜெஸிக்கே தெரியவில்லை.

ஜானவி சிரித்தாள். "இதென்ன கேள்வி? பச்சை மழைக்கோட்டு. விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கலை, நான்தான் அவகிட்ட சொன்னேன்."

பயணத்துக்கென்று வாங்கிய கோட்டு. வீட்டு அலமாரியில் மடித்தபடியே இருக்கிறது.

ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. தம்பானூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து வீடு. ஆனால் நெஞ்சுக்குள் வேறு ஏதோ, பசி மாதிரி, பிடித்து நிறுத்தியது. காலி இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "பிஜி."

"அங்கே இல்லை. அதோ, கடலைப் பாத்துண்டு நிக்கறா."

அங்கே பார்த்துக் கூப்பிட்டாள். சத்தமாக. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ காதுல விழலை போலிருக்கு" என்றாள் ஜானவி.

விதுரை தாண்டியதும் மலை. வளைவுக்கு வளைவு மூடுபனி இறங்கி வந்தது. ஜெஸி காலி இருக்கைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தாள். எண்ணெய் தேய்த்த கூந்தல் மணம் வருகிறதா என்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஈர ரெக்சின். அது மட்டும்தான்.

போனக்காட்டில் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழேயே பஸ் நின்றுவிட்டது. தங்குமிடம் பழைய லயம் ஒன்று, தொழிலாளர் வரிசை வீடுகள். அதுவரை நடக்க வேண்டும். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் விறுவிறுவென்று மேலே போய்விட்டார்கள். ஜெஸியும் ஜானவியும் பின்தங்கினார்கள். இருவருக்கும் நடுவில் ஓர் இடைவெளியும் கூடவே நடந்து வந்தது.

"கேக்கறேனேன்னு தப்பா நினைச்சுக்காதீங்கோ. அவ மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"கோவமா?"

"அழுதுண்டே வரா. நான் என்ன பண்ணினேன், காலையிலேர்ந்து கூப்பிடறேன், அக்கா ஏன் என்னைப் பாக்கவே மாட்டேங்கறான்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்றது?"

ஜெஸியின் கால்கள் நின்றுவிட்டன. அவளுக்குத் தெரியாது. தான் இல்லை என்பது பிஜிக்கு இன்னும் தெரியாது. பொட்டலம் வாங்கி, படத்துக்குச் சிரித்து, பக்கத்திலேயே உட்கார்ந்து நாள் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறாள்.

"கோவம் இல்ல ஜானவி. எனக்கு அவ தெரியல்ல. ஒண்ணும் கேக்கல்ல. அவ செத்துப்போயிட்டா. ஆனியில. லாரி இடிச்சு."

"என்ன பேத்தறேள்?" ஜானவி சிரிக்கப் போனாள்.

பாதியில் நின்றது சிரிப்பு. அவள் ஜெஸியைப் பார்க்கவில்லை. நடுவில் பார்த்தாள்.

"ஐயோ. இதை... இதை மட்டும் அவ கேட்டுட்டா."

தேயிலைச் செடிகளில் நீர் சொட்டிற்று. மேலே யாரோ சீட்டியடித்தார்கள். வேறு சத்தமில்லை.

"என்ன பண்றா? சொல்லு. ஜானவி, சொல்லு!"

"தலையைத் தடவிப் பாக்கறா." ஜானவியின் உதடு கோணியது. "கையைப் பாக்கறா. கையில..."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. பின்னால் நகர்ந்தாள். இடறி விழுந்தாள். அலறிக்கொண்டே எழுந்து ஓடினாள்.

மேலே போனவர்கள் அலறல் கேட்டுத் திரும்பி வந்தார்கள். போன் விளக்குகள் பனிக்குள் ஆடி ஆடி இறங்கின. அருகில் வந்தன. நின்றன.

"சேச்சி..." ஷாஜியின் குரல் உடைந்தது. "அனியத்திக்கு... தங்கச்சிக்கு முகம்... கர்த்தாவே, முகம்..."

யாரோ வாந்தியெடுத்தார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஓடின.

பாதையில் ஜெஸி மட்டும்.

முன்னால் பனி. பனிக்குள் எதுவுமில்லை. எங்கே நிற்கிறாள்? வலமா, இடமா? இனி சொல்ல ஆளில்லை. கேட்குமா என்றும் தெரியாது.

ஈரமண்ணில் உட்கார்ந்தாள். பற்கள் அடித்துக்கொண்டன. இரு கைகளையும் விரித்தாள்.

"வா மக்கா. அக்கா இங்கதான் இருக்கேன்."

நெடுநேரம் எதுவும் இல்லை.

பிறகு மடியில் பாரம் ஏறியது. முழு ஆளின் பாரம். சுருண்டு, நடுங்கிக்கொண்டு.

கண்ணுக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை. கையை வைத்துத் தேடினாள். கூந்தல். சூடான ஈரம். நெற்றிக்காக விரல்களை மெல்ல நகர்த்தினாள். அங்கே எலும்பு இருக்க வேண்டும்.

விரல்கள் உள்ளே போயின.

ஜெஸி கையை எடுக்கவில்லை. மறு கையால், காற்றில், மெதுவாகத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள்.