இறுக மறுத்த கான்கிரீட்

வியாழன் காலை மணி ஏழு. பலகைச் சட்டத்தைக் கழற்றியதும் கான்கிரீட் கட்டி பொலபொலவென்று சரிந்தது. எஞ்சினியர் அரங்கசாமிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

1957ஆம் வருஷம். சிமெண்ட் பெர்மிட்டுக்கு எல்லோரும் நாயாய் அலைந்த காலம். சூலூரில் மில் தொழிலாளர்களுக்கு இருபத்து நாலு வீடுகள் கட்ட வேண்டும். கிடைத்த சிமெண்டோ பதினெட்டுக்குத்தான் காணும். துடியலூர்ச் சூளையில் வீணாய்க் குவிந்து கிடந்த உடைந்த செங்கல்லைப் பொடித்து, சிமெண்டில் கால்பங்குக்குப் பதிலாகக் கலக்கலாம் என்றார் அரங்கசாமி. சோதனைக்காகத் திங்களன்று இரண்டு கட்டிகள் வார்த்தார்கள். தனி சிமெண்ட் கட்டி கெட்டியாய் நின்றது. பொடி கலந்ததற்குத்தான் இந்தக் கதி.

“அடுத்த வியாழன் வரைக்கும் பாக்கறனுங்க. அப்புறம் பொடியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி சீனிவாசலு.

அரங்கசாமியின் தங்கை பத்மாவதி பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறவள். காரணம் தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கோடை விடுமுறையில் அண்ணனோடு வந்திருந்தவள் குனிந்து பார்த்தாள். சரிந்த கட்டியில் எறும்புச் சாரை.

“ஈரத்துக்கு வந்திருக்கும், விடு பத்மா.”

“பக்கத்துக் கட்டியும் ஈரச்சாக்குலதானே இருந்துச்சுங்கண்ணா? அதுல ஒண்ணைக்கூடக் காணமே!”

மணி ஒன்பது. சிமெண்ட் ஏஜெண்ட் நஞ்சுண்டனிடம் போனாள்.

“பொடி ஜெயிச்சா உங்க யாபாரம் படுத்துரும்ல?”

“ஏனுங்க அம்மிணி, இருக்கற மூட்டைக்கே ஊரு அடிச்சுக்குது. எனக்கெதுக்குங்க அந்த வேலை?”

நியாயமான பதில்தான்.

மணி பதினொன்று. பொடிக் கலவையைக் குழைத்தவள் சித்தாள் முத்தாத்தாள்.

“கலவையில என்னென்ன போட்டீங்க?”

“எல்லாம் நல்லாத்தானுங்க போட்டேன், டீச்சரம்மா. எங்கப்பன் சுண்ணாம்புல கட்டுன கெணறு இன்னும் அசையாம நிக்குதுங்க. எனக்குக் கலவை தெரியாதுங்களா?”

அன்று மாலை பத்மாவதி மூன்று டம்ளர்களில் எதையோ குழைத்து வைத்தாள்.

வெள்ளி காலை மணி எட்டு. வேலையாட்களும் கூடியிருக்க, முதலாளி முன்னால் டம்ளர்களைக் கவிழ்த்தாள். தனி சிமெண்ட், இறுகியிருந்தது. பொடி கலந்தது, அதுவும் இறுகியிருந்தது. மூன்றாவது களியாய் வழிந்தது.

“இதுல பொடி இல்லைங்க. தனி சிமெண்டுல கருப்பட்டித் தண்ணி! எறும்பு வந்தது இனிப்புக்கு. சுண்ணாம்புக் காரைக்குக் கருப்பட்டி வலு. சிமெண்டை அது இறுகவே விடாது. கெடுக்க நெனச்சவன் மண்ணை அள்ளிப் போட்டிருப்பான். இது நல்லது நெனச்சவங்க செஞ்சது. இல்லீங்களா, முத்தாத்தா?”

முத்தாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “எங்கூட்டுக்காரருக்கு மில்லுல ஒதுக்குனது பதினோராம் நம்பர் ஊடுங்க. சிமெண்டைக் கொறைக்கறாங்களே, கூரை எம்புள்ளைங்க தலைமேல உளுந்துருமோன்னு பயந்துபோயிட்டனுங்க. வலு சேரட்டும்னுதான் ஊத்திப்போட்டேன்.”

முதலாளிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்கே பொடி கலந்து, கருப்பட்டி இல்லாமல் புதுக் கட்டி வார்த்தார்கள்.

அடுத்த வியாழன், அவர் சம்மட்டியை முத்தாத்தாளிடமே நீட்டினார். “நீயே அடிச்சுப் பாரு.”

தயவு தாட்சண்யமே இல்லாமல் மூன்று அடி அடித்தாள். கட்டி அசையவில்லை. மூச்சு வாங்கச் சம்மட்டியைக் கீழே வைத்தவள் அரங்கசாமியைப் பார்த்துச் சொன்னாள்:

“எங்கூட்டுக் கூரைய மொதல்ல போடுங்க.”