அங்கமுத்துவின் வரிசை

நாலு நிமிஷத்தில் முடிய வேண்டிய வேலை இருபது நிமிஷமாகியும் முதல் வரியைத் தாண்டவில்லை என்பதைக் காவேரி முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் இருந்த அந்த அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஏசியின் இரைச்சலும், கீழே நுங்கு விற்கிறவனின் குரலும், கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளையும் மீறி உள்ளே வந்து தரையில் கிடந்த வெயிலும்தான் துணை. திரையில் ஒரே வரி நின்றது. 'சிந்தாதிரிப்பேட்டை: முடிந்தது.'

ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் நிறுவனம் அது. சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு, சைதாப்பேட்டை, தலைமையகமான தி. நகர் என்று ஐந்து இடங்கள். கணினிகளை இணைக்கும் சுவிட்சுகள், கேமராக்கள், அட்டை காட்டினால் திறக்கும் கதவுகள் என எல்லாமாக எண்பத்தேழு கருவிகள். அவை அத்தனைக்கும் மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றி, பயன்படாத இணைப்புகளை மூடுவதற்குக் காவேரி ஒரு ஸ்கிரிப்ட், தானாகவே ஓடும் கட்டளைத் தொகுப்பு, எழுதிவைத்திருந்தாள். பொத்தானைத் தட்டினால் போதும், ஐந்து இடங்களுக்கும் ஒரே நேரத்தில் பாய்ந்து வேலையை முடித்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற பழக்கமே அதற்குக் கிடையாது.

இன்று அது ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. திரையில் அது ஓடும் ஜன்னலையே மூடினாள். மறுபடி திறந்தபோது அதே வரி அதே இடத்தில் இருந்தது, அதன் கீழே வெள்ளைக் கோடு நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஏதோ சர்வர் கோளாறு என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்தபோதுதான் செல்போன் அடித்தது. சிந்தாதிரிப்பேட்டைக் கிளையின் காவலாளி அக்பர் பாஷா.

"மேடம், உங்க ஆளு வேலைய முடிச்சிட்டுப் போய்ட்டாரு. தரையெல்லாம் ஒரே தண்ணி. தொடைக்கிறதுக்கு இன்னிக்கி ஆளு இல்லையே, இன்னா பண்றது?"

தான் யாரையும் அனுப்பவில்லையே என்றாள் காவேரி. வந்தவர் யார், பெயர் என்ன?

"வாயே தொறக்கல மேடம். ரெயின்கோட்டு போட்டுக்கினு வந்தாரு. இந்த வெயில்ல. நேரா மெஷின் ரூமுக்குப் போனாரு, வந்தாரு, மொபெட்ட எடுத்துக்கினு போய்ட்டாரு."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். இரண்டாவது வரி வந்திருந்தது.

'மயிலாப்பூர்: முடிந்தது.'

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்கு ஞாயிறு மதியம் மொபெட்டில் வர எவ்வளவு நேரமாகும் என்று யோசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே யோசித்தாள். இருபது, இருபத்தைந்து நிமிஷம்.

மயிலாப்பூர்க் கிளை மதியத்தோடு பூட்டியாகிவிடும். அங்கே யாரும் இருக்க முடியாது. கேமராவைத் திறந்து பார்த்தாள். வரவேற்பறை இருட்டாக, நாற்காலிகள் வரிசையாக, காலியாக இருந்தது. ஆனால் வாசற்கதவிலிருந்து சுவிட்ச் இருக்கும் அலமாரிவரை, வெள்ளைத் தரையில், ஈரமான காலடிகள். அலமாரியிலிருந்து திரும்பிக் கதவுவரை மறுபடியும் காலடிகள். உள்ளே போன காலடிகளைவிடத் திரும்பி வந்தவை அகலமாக இருந்தன, கால் ஊறி உப்பியதைப் போல. அலமாரியின் கதவு திறந்து, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் யாரோ விட்டுப் போன ஆட்டம்.

அந்த வரிசை அவளுக்குத் தெரியும். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு, சைதாப்பேட்டை, கடைசியாக தி. நகர். ஸ்கிரிப்டில் கிளைகளை அந்த வரிசையில் எழுதியவள் அவள்தான். சொல்லித் தந்தவர் அங்கமுத்து.

கடலோர மீனவர் ஊரான ஊரூர் குப்பத்துக்காரர். பதினெட்டு வருஷம் இந்த நிறுவனத்தின் கேபிளும் சுவிட்சும் அவர் கையில்தான் இருந்தன. ஸ்கிரிப்ட் வருவதற்குமுன் மாதத்தில் இரண்டு ஞாயிறு மொபெட்டில் கிளை கிளையாகப் போய், ஒவ்வொரு கருவியின் முன்னாலும் உட்கார்ந்து, கட்டளைகளைக் கையால் அடித்துவிட்டு வருவார். காவேரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது, எது சண்டித்தனம் பண்ணும் என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவர். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியதுதான் இந்த ஸ்கிரிப்ட். எழுதி முடித்ததும் அவருக்கு வேலை குறைந்துபோனது. பேட்டரி துடைக்கிற, பூச்சிமருந்து அடிக்கிற ஆளாக ஆனார். அதற்கும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் விடாமல் மூன்று நாள் மழை. இதே கட்டடத்தின் அடித்தளத்தில் அப்போது பேட்டரி அறை இருந்தது. தண்ணீர் கசிகிறது என்று பேட்டரிகளைத் தூக்கி மேலே வைக்க அங்கமுத்து கீழே போயிருந்தார். அன்றும் காவேரி இதே நாற்காலியில்தான் இருந்தாள். முதலாளிகளுக்குக் காட்ட ஸ்கிரிப்டில் புதிதாக ஒரு பகுதி சேர்த்திருந்தாள். வெள்ளோட்டம் பார்க்காமலேயே ஓடவிட்டாள். அரை மணி நேரமாக அசையாமல் கிடந்த இணைப்புகளையெல்லாம் பயன்படாதவை என்று எண்ணி அது மூடியது. அடித்தளக் கதவின் பூட்டும், உள்ளிருந்து திறக்கும் பொத்தானும் அவற்றில் சேர்ந்துகொண்டன.

அவர் செல்போனில் கூப்பிட்டார். குரலில் பதற்றம் கூட இல்லை. "எம்மா, கதவு தொறக்க மாட்டேங்குது. தண்ணி முட்டிக்கு வந்துட்ச்சி. கொஞ்சம் இன்னான்னு பாரும்மா."

"ரெண்டே நிமிஷம்ண்ணா," என்றாள் அவள்.

ஒரே ஒரு கட்டளை அடித்தால் கதவு திறந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டளை கணினிப் பதிவேட்டில் விழும். ஸ்கிரிப்டின் தப்பு பளிச்சென்று தெரிந்துபோகும். எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விட்டுத் தடம் தெரியாமல் திறந்துவிடலாம் என்று நினைத்தாள். வாட்ச்மேனை அனுப்பிக் கதவை உடைக்கச் சொல்லலாம் என்றும் நினைத்தாள், சொல்லவில்லை. பதினோரு நிமிஷம் ஆனது. ஏழாவது நிமிஷத்தில் தெருப்பக்கத்துச் சுவர் இடிந்து தண்ணீர் மொத்தமாக உள்ளே இறங்கியது. அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிக்கவில்லை.

அன்று மாலை பதிவேட்டில் ஒரு வரியை அவளே சேர்த்தாள். கதவின் இணைப்பை மூடியவர்: அங்கமுத்து. அவர் குடித்திருந்தார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்; விசாரணையில் கேட்டபோது தனக்குத் தெரியாது என்று தலைகுனிந்தாள். அது போதுமானதாக இருந்தது. பதினைந்து நாள் கழித்து அவர் மனைவி தேசம்மா மீன் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு மேலே வந்தாள். அழவில்லை, சபிக்கவில்லை. "அவுரு குடிக்க மாட்டாரும்மா. உனுக்குத் தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, காவேரியின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

செல்போன் அதிர்ந்தது. அடையாறு. ஞாயிற்றுக்கிழமை முழுநாள் பணியில் இருக்கும் சாய்மா, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற குரலில் பேசினாள். யாரோ ஒருவர் சுவிட்ச் அலமாரி முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாராம். கூப்பிட்டால் திரும்பவில்லையாம். "மேடம், அவர் மேலருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. நிக்கவே மாட்டேங்குது. சாக்கடை நாத்தம். எனக்குப் பயமா இருக்கு."

யாரோ விளையாடுகிறார்கள். தேசம்மாவின் ஆட்கள். நிச்சயம் அப்படித்தான். கோபம் வந்ததில் கொஞ்சம் தைரியமும் வந்தது.

"போனை அவர்கிட்ட குடு," என்றாள்.

சாய்மாவின் செருப்புச் சத்தம் நாலைந்து அடி போய் நின்றது. பிறகு அவள் மூச்சை உள்ளிழுக்கும் சத்தம். அதன்பின் மனிதச் சத்தமே இல்லை. தொட்டியில் முங்கிக்கொண்டு வெளியே பேசுவதைக் கேட்பது போல ஒரு கனமான கொழகொழப்பு. அதற்குள்ளிருந்து, பதற்றமே இல்லாத அந்தப் பழைய குரல்.

"வந்துக்கினே கீறேம்மா. ரெண்டே நிமிஷம்."

போன் கையிலிருந்து விழுந்தது. திரையில் மூன்றாவது வரி. 'அடையாறு: முடிந்தது.'

அவள் அந்தத் திரையை விட்டு நகர முடியாமல் நின்றாள். விரல்கள் தானாகப் போய் மின்னஞ்சலைத் திறந்தன. முதலாளிக்கு, மேலாளருக்கு, எல்லாருக்கும். மூடியது நான்தான். அவர் குடிக்கவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டார். எழுத்துப் பிழைகளோடு அடித்து, அனுப்பும் பொத்தானைத் தட்டினாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இணையம் இல்லை என்றது. மறுபடி தட்டினாள். இணையம் இல்லை. இந்தக் கட்டடத்தின் அத்தனை இணைப்புகளும், பயன்படாதவை என்று, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. அந்த ஒன்றின் வழியாக நாலாவது வரி வந்தது.

'சைதாப்பேட்டை: முடிந்தது.'

செல்போனைப் பொறுக்கி எடுத்துக் காவல்துறைக்கு அடித்தாள். தண்ணீர்ச் சத்தம். அம்மாவுக்கு அடித்தாள். தண்ணீர்ச் சத்தம்.

சைதாப்பேட்டையிலிருந்து இங்கே பத்து நிமிஷம்.

ஓடினாள். லிப்ட் வரவில்லை. படிக்கட்டுக் கதவு அவள் அட்டையைக் காட்டுமுன்பே கிளிக்கென்று திறந்தது. இரண்டாம் மாடிக் கதவு பூட்டியிருந்தது. முதல் மாடிக் கதவும் பூட்டியிருந்தது. கீழே போகிற கதவுகள் மட்டும் ஒன்றொன்றாக, அவளுக்கு முன்னால், மரியாதையாக விலகி வழிவிட்டன. அவள் கடந்ததும் ஒன்றொன்றாகப் பின்னால் சாத்திக்கொண்டன.

தரைத்தளம். வாசற்கண்ணாடிக் கதவு. ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச்மேன் கிடையாது. கதவுகளே காவல் இருக்கும் என்று திட்டம் போட்டுத் தந்தவளும் அவள்தான். பூட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு. கண்ணாடிக்கு அப்பால், கையெட்டும் தூரத்தில், வெயிலில் தெரு கொதித்தது. நுங்கு வண்டி. குடை பிடித்த ஒரு பெண். துணிக்கடைப் பைகளோடு ஒரு குடும்பம். கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். கத்தினாள். கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியில் வெளியே இருப்பவர்களுக்குத் தங்கள் முகம் மட்டும்தான் தெரியும். குடைக்காரப் பெண் நின்று, கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

தெருவில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இல்லை. ஸ்டாண்டு போடாமலேயே நின்றது. இருக்கையிலிருந்து தண்ணீர் வழிந்து சூடான தாரில் புகைந்தது.

சிவப்பு விளக்கு மாறவில்லை.

பின்னால் ஒரு பூட்டு திறந்தது.

அவள் திரும்பினாள். அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டின் வாயில், ஒன்றரை வருஷமாக வெல்டிங் வைத்து அடைத்திருந்த இரும்புக்கதவு, அகலத் திறந்து கிடந்தது. சேற்று வாடை. குளிர். படிகளின் பாதிவரை தண்ணீர். அலையில்லாமல், கறுப்பாக, சுவர் போல நின்றது.

அதன் அடியில் வெளிச்சம்.

பச்சை விளக்குகள். வரிசை வரிசையாக. ஓடுகிற சுவிட்சில் மினுக்குமே, அதே பச்சை. எல்லாம் சிமிட்டின. வேகமாக. விடாமல். தண்ணீர் ஒரு படி ஏறியது. விளக்குகளும் ஒரு படி ஏறின.

காவேரி கண்ணாடியில் முதுகை அழுத்தினாள். பூட்டு திறக்கவில்லை.

இன்னொரு படி.

அத்தனை விளக்குகளும் சிமிட்டிக்கொண்டிருந்தன. நட்டநடுவில், அருகருகே, இரண்டு மட்டும் சிமிட்டவில்லை. அவளையே பார்த்தபடி மேலே ஏறி வந்தன.