ஓரம் வெட்டிய படங்கள்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்து வந்து, ஜெசிந்தா வீட்டுப் பூட்டைத் திறந்தபோது மணி ஒன்று. மாமனார் கட்டிய பழைய வீடு. வெயில் கொளுத்துகிற மதியத்திலும் கூடத்தில் விளக்கு போட்டால்தான் முகம் தெரியும்.

கணவன் யேசுதாசன் மகளையும் அழைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போயிருந்தான். அவர்களோடு கூடவே இருந்த அவனுடைய அக்கா ஞானம்மாள் மாரடைப்பில் இறந்து இருபத்தைந்து நாள். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும்.

"உன் போன்லதான் ஆயிரம் போட்டோ இருக்கே. அக்கா நல்லா தெரியுற மாதிரி ஒண்ணு எடுத்து வை, ஜெசி. நாலு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று காலையில் சொல்லியிருந்தான்.

போனைக் கேபிளில் மாட்டி, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

மூன்று வருடமாக ஆர்குட் வலைத்தளத்தில் அவள் ஆல்பத்துக்குத் தனி மவுசு. முறுகலான தோசை, கொடியில் நனையும் துணி, டிபன் டப்பாவோடு மகள். எல்லாம் போகிறபோக்கில் எடுத்தது போலத் தெரிய வேண்டும்; அதற்காகத் தினமும் அரை மணி நேரம் பொறுக்குவாள். தோசை சுட்டதும் துணி துவைத்ததும் டப்பா கட்டியதும் ஞானம்மாள். வெளுத்த நைட்டியும் தோளில் துண்டுமாகப் படத்தின் ஏதாவது ஒரு மூலையில் வந்து நிற்பாள். ஜெசிந்தா ஓரத்தை வெட்டிவிட்டு, முழுப் படத்தை அழித்துவிடுவாள்.

ஒரே ஒரு படம் வெட்டுக்குத் தப்பிவிட்டது. கல்லூரித் தோழி ஒருத்தி அதன் கீழே எழுதினாள்: 'உங்க வூட்டு வேலைக்காரம்மா தோசை சூப்பர்பா!'

'ஆமாம்பா, ரொம்ப நல்ல மாதிரி' என்று ஜெசிந்தா பதில் போட்டாள்.

மறுநாள் அந்தப் படத்தையும் அழித்துவிட்டாள். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் படத்தையும் அந்தப் பதிலையும் ஞானம்மாளிடம் காட்டியிருந்தாள். ஞானம்மாள் தம்பியிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு போனைத் தூக்கினாலே சுவரோரம் ஒதுங்குவாள். "நான் தள்ளிக்கிறேன். நீ எடு."

ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். தட்டைப் பிடித்த மணிக்கட்டு. நைட்டியின் விளிம்பு. கதவில் கிடந்த துண்டு.

முகம் எதிலும் இல்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். சமையலறையில் ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. அந்த அமைதியில் ரப்பர் செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது.

சரக்... சரக்...

ஞானம்மாள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை அடித்தது.

அவள் திரும்பவில்லை. திரையில் எண் மாறியிருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்று.

கடைசிப் படத்தை அழுத்தினாள். இன்றைய தேதி. ஒன்று ஐம்பது. அதாவது, இப்போது.

இதே கூடம். கம்ப்யூட்டர் முன் ஜெசிந்தாவின் முதுகு. அவளுக்குப் பக்கத்தில், கேமராவை நேராகப் பார்த்தபடி ஞானம்மாள். ஒதுங்கவில்லை. படத்தின் நட்டநடுவில் நின்றிருந்தாள்.

போன் கேபிளில் மாட்டியபடி மேசைமேல்தான் கிடந்தது.

"அக்கா..."

திரும்பினாள். யாருமில்லை.

படத்தை அழிக்க விரல் போனது. அழித்தால் அட்டைக்கு வேறு படம் கிடையாது. ஏன் இல்லை என்று யேசுதாசன் கேட்பான். விரலை இழுத்துக்கொண்டாள். பிறகு பழகிய கையால் ஓரத்தை வெட்டினாள். இந்த முறை வெட்டிப் போட்டது தன்னை.

நாலு மணிக்கு வந்த யேசுதாசன் படத்தைப் பார்த்ததும் உடைந்து அழுதான். "எப்ப எடுத்தது?"

"போன மாசம்."

"வளர்த்த அக்காவ நான் ஒரு போட்டோகூட எடுக்கல. நல்லவேளை, நீயாவது எடுத்து வெச்சியே."

ஜெசிந்தா தலையாட்டினாள்.

முப்பதாம் நாள் காலைப் பூசை முடிந்தது. யேசுதாசன் பீடத்தருகில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தான். ஜெசிந்தா கோயில் வாசலில் இருநூறு அட்டைகளோடு நின்றாள். கட்டைப் பிரித்து, ஒட்டியிருந்த அட்டைகள் விலகட்டும் என்று ஓரத்தைக் கட்டைவிரலால் விர்ரென்று புரட்டினாள்.

மேலே இருந்த அட்டைகளில் உதடுகள் மூடியிருந்தன.

நடுவில் லேசாகப் பிரிந்தன.

நிறுத்த நினைத்தாள். விரல் கேட்கவில்லை. அட்டைக்கு அட்டை வாய் விரிந்தது, குவிந்தது, மீண்டும் விரிந்தது.

கடைசி அட்டையில் வாய் மூடியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த முகம்.

உள்ளே மெழுகுவத்தித் தாங்கி கீழே விழும் சத்தம் கேட்டது. யேசுதாசன் வெளிறிப்போய் வாசலுக்கு வந்தான்.

"ஜெசி," என்றான். "அக்காவ யாரு வேலைக்காரின்னு சொன்னது?"