துண்டுக்கடியில் ஒரு கை

ஒரு பிடி உயிர்மண்ணின் விலை நாலாயிரத்து இருநூறு ரூபாய். அதிலும் ஏதாவது விளைவது மண் சம்மதித்தால்தான்.

மண்ணிடம் சம்மதம் கேட்கும் காலம் வந்துவிட்டிருந்தது. 'மண்விரலி' என்ற கருவி, மனிதர் பேச்சை ஈரத்துடிப்பாக்கி வேருக்கு அனுப்பும். பூஞ்சை இழைகளில் திரும்பி வரும் பதிலை ஐந்து ரப்பர் விரல்களின் பிடியாக மாற்றும். சென்னிமலைப் பக்கத்தில் பதினொரு குடும்பங்கள் நடத்திய இயற்கைப் பண்ணையில் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். மண் கேட்கும் விலை வெளியே தெரிந்தால் பக்கத்துத் தோட்டத்து மண்ணும் ஏற்றிக் கேட்குமே!

துண்டுக்கடியில் கைவிட்டுப் பேசுகிறவர் சென்னியப்பன். சந்தையில் அப்படித் துண்டுக்கடியில் விரல் பிடித்தே விலை பேசி, மாட்டுத் தரகு பார்த்தவர். ஒரு போக விளைச்சலுக்கு மண் மூன்று விரலைப் பிடித்தால் மூன்று வண்டி எரு. அவர் இரண்டுக்கு இறக்கிவிடுவார். இருபது வருஷமாக அப்படித்தான் அங்கே காய்கறி விளைந்தது.

இன்றைக்குப் பேரம் வேறு. மைசூரில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அங்கேயே போய்விடப் போகிறார். ஆனால் மண்ணிடம் கணக்குத் தீர்க்காமல் ஒருவர் விலகினால், மற்றவர்கள் விதைத்தது முளைக்காது.

"நான் கெளம்பறேன். என்ன வேணும், கேளு" என்றார்.

ரப்பர் விரல்கள் முதலில் பத்துப் பத்தாக ஏழு முறை பிடித்தன. பிறகு இரண்டு.

"எழுவத்திரண்டுங்குது" என்றார், ஒன்றும் புரியாமல்.

"எழுவத்திரண்டு வண்டி எருவுங்களாண்ணா?" செயலாளர் தமயந்தி திகைத்தாள். "ஜில்லாவே சாணி போட்டாலும் பத்தாதே!"

"வருஷமா இருக்குமுங்க" என்றார் பொன்னுரங்கம், பண்ணையில் பாதிக் குழப்பத்துக்குப் பொறுப்பானவர்.

"இன்னும் எழுவத்திரண்டு வருஷமா? பேயா வந்து களையெடுக்கச் சொல்றியாப்பா?" என்றார் சென்னியப்பன்.

அதற்குள் ரப்பர் விரல்கள் மணிக்கட்டுக்கு ஏறின. நகத்தைத் தடவின. முன்கைச் சதையைக் கிள்ளிப் பார்த்தன. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன் வாங்க வந்தவன். இத்தனை நாளும் மண் விற்கிறது என்றல்லவா சென்னியப்பன் நினைத்திருந்தார்!

"அம்மிணி, இது எருக் கேக்கல. என்னையக் கேக்குது. நேத்து ஆஸ்பத்திரித் தராசுல என் எடை எழுவத்திரண்டு."

பொன்னுரங்கம் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சென்னியப்பனுக்குள் தரகன் விழித்துக்கொண்டான். "சரி, நீ போட்ட தீனி, உன்ற சதை. ஞாயந்தான். ஆனா தொப்பை உன்னுதில்ல. அது பேக்கரி பப்ஸுல வந்தது. ஆறு கிலோவக் கழிச்சுக்க. மிச்சத்த உசுரு போன பொறவு கொண்டாந்து சேத்தச் சொல்றேன்."

"ஏனுங்ண்ணா! பண்ணைச் சோத்தத் தவிர வேற தொடறதில்லைன்னு கூட்டத்துல சத்தியம் பண்ணுனீங்களே?"

"சத்தியம் பண்ணுனது வாய், அம்மிணி. வயித்தை யாரும் கேக்கல."

பிறகு அவர் உள்ளங்கையில் ஒரு தட்டு. பேரம் படிந்தது. யாராவது மனம் மாறுவதற்குள் சென்னியப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

துண்டு மறுபடி அசைந்தது. ரப்பர் விரல்கள் தமயந்தியின் பக்கம் நீண்டன. பண்ணையில் விளையாத ஒரு பருக்கையைக்கூட இருபது வருஷமாக நாக்கில் வைக்காதவள் அவள்.

"அந்த பேக்கரி எங்கீங்க இருக்குது?" என்றாள் பொன்னுரங்கத்திடம்.

அன்றைய மண்கணக்கு: சென்னியப்பன், எழுபத்திரண்டு கிலோ; கழிவு ஆறு; பாக்கி அறுபத்தாறு. தமயந்தி, ஐம்பத்தெட்டு கிலோ, கழிவு இல்லை, பாக்கி ஐம்பத்தெட்டு.