கம்ப்ரசர் ஊதிய ஹார்டு டிஸ்க்

மார்னியின் அப்பா டெஸ்ஸிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் இருந்தது. அது கொட்டகையில் நிற்கும் காற்று கம்ப்ரசர். டிராக்டர் இருமினால் அதற்குக் காற்றடிப்பார். பூட்ஸ் அழுக்கானால் கழற்றாமல் காலோடு சேர்த்துக் காற்றடிப்பார். ஒருமுறை அம்மாவின் டோஸ்டரில் ரொட்டித் தூள் அடைத்துக்கொண்டது. அதற்கும் அடித்தார். தூள் போய்விட்டது. டோஸ்டரின் ஒரு பக்கமும் கூடவே போய்விட்டது.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்தச் செம்மண் சீமையில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் எல்லாருமே அப்படித்தான். சோற்றில்கூடத் தூசி விழும் ஊரில் வேறு என்ன செய்வார்கள்?

அந்தச் சீமையில் நவம்பர் என்றால் கோடைக்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மாடுகள் தண்ணீர் குடிக்கும் பன்னிரண்டாம் மைல் தொட்டி வறண்டு கிடந்தது. முந்நூறு மாடுகள் அதைச் சுற்றி நின்று கத்தின. வெயில் நாற்பத்து மூன்று டிகிரி.

ஆழ்துளைக் கிணற்றில் பம்பு நன்றாகவே ஓடியது. தண்ணீர்தான் தொட்டிக்கு வந்து சேரவில்லை. நடுவில் பத்தொன்பது கிலோமீட்டர் குழாய் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. எங்கோ ஓரிடத்தில் அது உடைந்திருக்க வேண்டும். ஆனால் மேலே ஈரம் தெரியவில்லை. மண் அவ்வளவு வெடித்திருந்ததால், ஒழுகும் தண்ணீரை எல்லாம் அதுவே குடித்துவிட்டது.

குழாயில் ஐந்து இடங்களில் வால்வு இருந்தது. அவற்றைத் தோண்டிப் பார்த்தால் உடைந்த இடம் தெரிந்துவிடும். ஆனால் வால்வுகளுக்கு மேல் நட்டிருந்த கம்பங்களைப் போன வருஷ வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

"ரோஸ்லின், குழாய் பதிச்சப்ப நீ ஒரு மேப் போட்டியே, அது எங்க?" என்று அப்பா கேட்டார்.

"பேப்பரை எலி தின்னுருச்சு" என்றாள் அம்மா. "நல்லவேளை, அதுக்கு முன்னாடியே பழைய கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சேன்."

பழைய கம்ப்யூட்டர் கொட்டகை மூலையில் கிடந்தது. அதன்மேல் விரல் கனத்துக்குச் செந்தூசி. அப்பா என்ன செய்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

பெட்டியைத் திறந்து அவர் ஊதிய ஊதலில், ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஏதோ ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தது. அரிசி மணி அளவு கறுப்புப் பிளாஸ்டிக். அப்பா பொறுப்பானவர். அதைத் தேடி எடுத்தார். டிஸ்க்கின் பின்புறம் குட்டிக் குட்டிக் கம்பிகள் இரண்டு வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் நடுவாக ஓர் இடம் பார்த்து அதைச் செருகிவிட்டார்.

கம்ப்யூட்டர் உயிர்பெறவில்லை. அதனால் டிஸ்க்கை மட்டும் கழற்றி, ஒரு கேபிள் போட்டு அம்மாவின் புதுக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். அம்மா அந்த டிஸ்க்கை இரண்டு பகுதியாகப் பிரித்து வைத்திருந்தாள். முதல் பகுதியில் கடிதங்களும் சீட்டு விளையாட்டும். இரண்டாவதில் பண்ணையின் வேலி, குழாய், வரைபடம் எல்லாம்.

திரையில் முதல் பகுதி வந்தது. இரண்டாவது வரவே இல்லை. டிஸ்க்கின் மேல் எண்பது ஜி.பி. என்று அச்சிட்டிருந்தது. கம்ப்யூட்டரோ முப்பத்தொன்றரைதான் இருக்கிறது என்று சொன்னது. அம்மா பிடுங்கி மாட்டினாள், மறுபடி பிடுங்கி மாட்டினாள். அதே முப்பத்தொன்றரை.

நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில், நகரத்தில், ட்ரெவர் என்று ஒருவர் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவந்தார். அப்பா அவருக்குப் போன் போட்டார்.

"வயசாயிருச்சு, டெஸ். நமக்குப் பல்லு போற மாதிரிதான்" என்றார் ட்ரெவர். "பிரிஸ்பேனுக்கு அனுப்பிப் பாக்கலாம். மூணு வாரம் ஆகும்."

மாடுகள் மூன்று நாள்கூடத் தாங்காது என்று சொல்லி அப்பா போனை வைத்தார். லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாலும் நாளை மதியம்வரைதான் சமாளிக்க முடியும். பிறகு திருப்புளியை எடுத்தார்.

"மூடியைத் திறந்து உள்ள ஒரு ஊது ஊதிப் பாக்கறேன்."

"உள்ள ஒரு தூசி போனாலே அது செத்துரும், டெஸ்" என்றாள் அம்மா.

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?"

மார்னிக்குப் பதினொரு வயது. அப்பாவைத் தடுக்க முடியாது, ஆனால் தள்ளிப்போட முடியும் என்று அவளுக்குத் தெரியும். பத்து மணித் தேநீரை மட்டும் அவர் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"அப்பா, டீ ஆறுது. நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் இதை நான் பாக்கட்டுமா? தொறக்க மாட்டேன். ஊதவும் மாட்டேன்."

கடைசி வார்த்தையைக் கேட்டு அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அப்பா திருப்புளியை வைத்துவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்தார்.

மார்னி கேபிளைக் கழற்றி, டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பூதக்கண்ணாடி வைத்துப் பின்புறத்தைப் பார்த்தாள். எவ்வளவு ஊதியும் கம்பிகளில் செந்தூசியின் கறை மிச்சமிருந்தது. எல்லாக் கம்பிகளும் சிவப்பாகத்தான் இருந்தன. ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் புதுக் காசுபோல் பளபளத்தன.

ஏன் அந்த இரண்டு மட்டும்? தூசி படாமல் அவற்றை ஏதோ மூடியிருக்க வேண்டும். பல வருஷமாக.

"அப்பா, இந்தக் கறுப்புத் துண்டு முன்னாடி எங்க இருந்துச்சு?"

அப்பா கோப்பையை வாயருகே வைத்துக்கொண்டே யோசித்தார். "அது கீழ விழுந்துருச்சு. நான்தான் எடுத்துச் சொருகினேன்."

"எந்த இடத்துல இருந்து விழுந்துச்சு?"

"காத்துல அது எனக்கு எப்படிம்மா தெரியும்? காலியா இருந்த இடத்துல உக்கார வெச்சேன்."

மார்னி ஈரத்துணியால் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளைத் துடைத்தாள். தூசிக்கடியிலிருந்து எறும்பு அளவில் நான்கு படங்கள் வெளியே வந்தன. கறுப்புத் துண்டு எந்த இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றும் காட்டியது. ஓரத்தில் இருந்தால் சாதாரண வேலை. நடுவில், அதாவது அப்பா செருகிய இடத்தில் இருந்தால், முப்பத்திரண்டுக்கு மேல் காட்டாதே என்று டிஸ்க்குக்குக் கட்டளை. பெரிய டிஸ்க்கைப் பார்த்தால் திணறும் ரொம்பப் பழைய கம்ப்யூட்டர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது.

"அம்மா, இது சாகலை" என்றாள் மார்னி. "வாயைக் கட்டி வெச்சிருக்கோம்."

அம்மா படத்தைப் பார்த்தாள். உடனே உள்ளே போய், புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துவந்து மார்னியிடமே கொடுத்தாள். மார்னி மூச்சைப் பிடித்துக்கொண்டு துண்டை உருவி, பளபளத்த இரண்டு கம்பிகளின்மேல் செருகினாள். கேபிளை மாட்டினாள்.

திரையில் இரண்டு பகுதிகளும் வந்து நின்றன.

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அப்பா திரைக்கருகே குனிந்தார். "எழுபத்து நாலரைன்னுதானே இருக்கு? மிச்சம் அஞ்சரை எங்க?"

டிஸ்க்கைச் செய்தவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணும், எதுவும் தொலையவில்லை என்று அம்மா விளக்கினாள். அதற்குள் வரைபடம் திறந்துவிட்டது. ஐந்து வால்வுகளும் சிவப்புப் புள்ளிகளாக இருந்தன. எந்த வேலிக்கம்பத்திலிருந்து எத்தனை அடி என்று அம்மாவின் கையெழுத்தில் இருந்தது.

புறப்படும்போது ட்ரெவரிடமிருந்து போன் வந்தது. டிஸ்க்கை அனுப்பப் போகிறார்களா என்று கேட்டார்.

"வேண்டாம்ப்பா, சரியாயிருச்சு" என்றார் அப்பா. மார்னி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். துண்டைத் தப்பான இடத்தில் செருகியது அப்பாதான் என்று அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் அப்பாவே சொன்னார். "டிஸ்க்குல ஒண்ணும் இல்லை. தப்பு என்னோடது. கண்டுபிடிச்சது என் பொண்ணு."

முதல் இரண்டு வால்வுகளிலும் தண்ணீர் நன்றாக வந்தது. மூன்றாவதைத் தோண்டியபோது மண்வெட்டி சேற்றில் இறங்கியது. இணைப்பு பிளந்து கிடந்தது. அப்பாவும் அம்மாவும் அதை வெட்டி எடுத்துப் புது இணைப்புப் போட்டார்கள். மார்னி வால்வைத் திறந்தாள்.

மூன்று பேரும் தொட்டிக்குப் போய்க் காத்திருந்தார்கள். குழாய் முதலில் காற்றைத் துப்பியது. பிறகு சிவப்பாகக் கொஞ்சம் வந்தது. பிறகு தெளிந்த தண்ணீர், கை கனத்துக்கு. மாடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தின. காலையிலிருந்து கேட்ட கத்தல் ஒவ்வொன்றாக அடங்கி, குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா தன் தொப்பியைக் கழற்றித் தொட்டிக்குள் முக்கினார். நிறைய மொண்டு, மார்னியின் தலையில் ஊற்றினார்.