ஜன்னல் சீட்டு என்னுடையது

பெரியவளுக்கு மூக்குக்கு மேலே கோபம். அந்தக் கோபத்தோடுதான் அவள் வாழ்க்கையில் முதல் முறையாக விமானத்துக்குள் காலை வைத்தாள்.

முதலில் அந்தப் பெயரே அவளுக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது. வீட்டில் யார் அதைச் சொன்னார்கள்? பெரியவளைக் கூப்பிடு, பெரியவளிடம் கொடு, பெரியவள் பார்த்துக்கொள்வாள். இத்தனைக்கும் அவளுக்குப் பத்து வயதுதான். தம்பி பட்டாணிக்கு நான்கு, பாப்பாவுக்கு ஒன்று. அந்த இரண்டு பேரும் வந்த பிறகுதான் அவளுக்கு இந்தப் பட்டம்.

அன்று காலையிலிருந்து பெரியவள் சுமந்தது கொஞ்சமா? பால் புட்டிப் பை அவள் தோளில். டயப்பர் பை அவள் கையில். சோதனை நடக்கும் இடத்தில் பட்டாணியின் ஷூவைக் கழற்றியதும் அவள்தான், மறுபடி மாட்டிவிட்டதும் அவள்தான். அவன் இடது காலை நீட்டச் சொன்னால் வலது காலை நீட்டுவான். அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அவள் இடுப்பில் பாப்பா, கையில் நான்கு டிக்கெட், வாயில் பாப்பாவின் தொப்பி.

அப்பா வரவில்லை. அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். சித்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறோம் என்று கேட்டும் லீவு கிடைக்கவில்லை. ரயிலில் போனால் இரண்டு நாள். இரண்டு சின்னதுகளை வைத்துக்கொண்டு அம்மா தனியாக என்ன செய்வாள்? அதனால்தான் விமானம்.

பட்டாணிக்கு விமானம் என்றாலே பயம். வீட்டுக்கு மேலே ஒன்று பறந்தால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வாரம் முழுக்க அவனை மடியில் வைத்துக்கொண்டு, அதுவும் பஸ்தான், றெக்கை வைத்த பஸ், அதிலும் டிரைவர் உண்டு, டிக்கெட் உண்டு, சீட்டு உண்டு என்று சொல்லிக்கொடுத்தார். பட்டாணிக்கு அப்பா சொன்னால் சொன்னதுதான். விமானத்தின் வாசலில் டிக்கெட் பார்த்த அக்காவிடம், உங்கள் விசில் எங்கே என்று கேட்டான். அந்த அக்கா சிரித்தார். பெரியவள் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அவள் மனம் முழுக்கப் பதினேழு ஏ-யில் இருந்தது.

பதினேழு ஏ என்பது ஜன்னல் ஓரம். டிக்கெட் எடுத்த அன்றே அப்பா அந்த எண்ணைக் காட்டி, அது அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். நாற்பது நாளாக அவள் அதை எண்ணிக்கொண்டிருந்தாள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண், மேகத்தின் மேல்பக்கம் தரை மாதிரி தட்டையாக இருக்கும் என்றாள். இல்லை, மேடும் பள்ளமுமாக இருக்கும் என்றாள் பெரியவள். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று வகுப்புக்கே வாக்குக் கொடுத்திருந்தாள்.

பதினேழாவது வரிசைக்கு வந்தார்கள். பட்டாணி அக்காவின் கைக்கு அடியில் நுழைந்து, ஒரே தாவலில் ஜன்னல் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அப்பாவின் பஸ்ஸிலும் டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் சீட்டு அவனுடையதாயிற்றே.

எழுந்திரு என்றாள் பெரியவள். அவன் இருக்கையின் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அழுதான். சும்மா அழுகையா? ஊரையே கூட்டினான். பின்னால் பத்துப் பேர் பைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பாப்பாவும் கூடச் சேர்ந்துகொண்டாள்.

அம்மா பெரியவளின் தோளைத் தொட்டாள். "விட்டுக் குடு கண்ணு. நீ பெரியவதானே."

அவ்வளவுதான். பெரியவளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நடு சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். பெல்ட்டை டக்கென்று மாட்டினாள். அம்மா பாப்பாவோடு வழியோர சீட்டில் உட்கார்ந்தாள்.

விமானம் ஓடியது, எழும்பியது, பறந்தது. எல்லோரும் ஜன்னலில் பார்த்த காட்சியைப் பெரியவள் பட்டாணியின் பின்மண்டையில்தான் பார்த்தாள்.

கால் மணி நேரம் ஆனது. ஜன்னலில் வெறும் வெள்ளை. கடை இல்லை, ஆடு இல்லை, சிக்னல் இல்லை. பட்டாணிக்குச் சலித்துப்போனது. போதும், இறங்கலாம் என்றான்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் என்ன? பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்பது டிரைவர் மகனுக்குத் தெரியாதா? பெல்ட்டைக் கழற்றினான். சீட்டின் மேல் ஏறி நின்றான். தலைக்கு மேலே ஒரு பொத்தானில் ஆள் படம் போட்டிருந்தது. அதை அழுத்தினான். டிங் என்றது.

பணிப்பெண் வந்து, என்ன வேண்டும் என்று குனிந்து கேட்டார்.

"அடுத்த ஸ்டாப்ல இறங்கணும்" என்றான் பட்டாணி.

பணிப்பெண் சிரித்துவிட்டு, பொத்தானை அணைத்துவிட்டுப் போனார். அவர் நாலு அடி வைப்பதற்குள் மறுபடியும் டிங். இரண்டாவது தடவை பாதிச் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாவது தடவை அதுவும் இல்லை. பெரியவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் காலை உதறினான். அந்த உதை முன் சீட்டின் முதுகில் நன்றாக விழுந்தது.

முன் சீட்டில் இருந்தவர் திரும்பினார். காதில் பெரிய ஹெட்போன், முகத்தில் அதைவிடப் பெரிய சிடுசிடுப்பு.

"பிள்ளைங்களை அடக்கத் தெரியலன்னா எதுக்கு ஃப்ளைட்ல கூட்டிட்டு வரீங்க? வீட்டுலயே வச்சிருக்க வேண்டியதுதானே?"

அம்மா மன்னிப்புக் கேட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவின் காது மடல் சிவந்துபோனது. பாப்பாவின் தொப்பியைச் சரி செய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவளுக்கு இப்போது யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பட்டாணி மேல் இருந்தது. முன் சீட்டுக்காரர் மேல் இருந்தது. மூன்று தடவை மன்னிப்புக் கேட்ட அம்மா மேலும் இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நாலு பேரைக் கிளப்பிய அம்மாவுக்கு இந்தப் பேச்சு வேண்டுமா?

அந்த நேரம் பார்த்து விமானம் லேசாகக் குலுங்கியது. பெல்ட் விளக்கு எரிந்தது. எல்லோரும் உட்கார்ந்து பெல்ட் போட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பட்டாணி மட்டும் நின்றுகொண்டிருந்தான். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவால் அவனை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

"உக்காருடா தங்கம். இதோ, அடுத்த ஸ்டாப் வந்துடும்" என்றாள் அம்மா.

வினையே அங்கேதான். ஸ்டாப் வருகிறது என்றால் யாராவது உட்காருவார்களா? பட்டாணி தன் குட்டிப் பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு, வழி விடு என்று அக்காவின் மடியில் கால் வைத்தான்.

"பொய் சொல்லாதம்மா" என்றாள் பெரியவள். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. "எல்லாரும் அவன்கிட்ட பொய் சொல்லிச் சொல்லித்தான் இப்படி ஆச்சு."

தம்பியை இழுத்துத் தன் மடியிலேயே உட்கார வைத்தாள்.

"டேய், இது பஸ் இல்ல. ஏரோபிளேன். நீ பயப்படுவன்னு அப்பா பஸ்னு சொன்னாரு. நாம மேகத்துக்கு மேல இருக்கோம். இங்க ரோடு கிடையாது. ஸ்டாப்பும் கிடையாது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இனி அலறப்போகிறான், அந்த மனிதர் மறுபடி திரும்பப்போகிறார் என்று நினைத்திருப்பாள்.

பட்டாணி அலறவில்லை. ஜன்னலைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். குரல் ஒரேயடியாகச் சிறுத்துவிட்டது.

"அப்ப கீழ விழுந்துடுமா?"

பெரியவளுக்கு, ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் சீட்டைப் பிடுங்கினாய் அல்லவா, நன்றாகப் பயப்படு. ஆனால் அவன் கீழுதடு நடுங்குவது தெரிந்தது. அவனுடைய விரல்கள் அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள்.

"நாம என் சைக்கிள்ல போனோம்ல, ஓடிட்டு இருக்கும்போது விழுந்தோமா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"எப்ப விழுந்தோம்?"

பட்டாணி முழங்காலில் இருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தான். "நீ நிறுத்தினப்ப."

"அதேதான். இதுவும் வேகமாப் போற வரைக்கும் விழாது. றெக்கைய காத்து தாங்கிப் புடிச்சுக்கும். அதனாலதான் நடுவுல நிறுத்தவே மாட்டாங்க. சித்தி ஊரு வந்ததும் தரையில இறக்கி, மெதுவா ஓட்டி, அப்புறம்தான் நிறுத்துவாங்க."

பட்டாணி யோசித்தான். அவன் யோசித்தால் நெற்றி அப்பளம் மாதிரி சுருங்கும். பிறகு ஜன்னலைக் காட்டி, தனக்கு அந்த இடம் வேண்டாம் என்றான். அங்கே ரோடே இல்லையாம். நடு சீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இடையில்தான் இருப்பானாம்.

பெரியவள் அவனைத் தன் இடத்தில் உட்கார வைத்து, அவனுக்குப் பெல்ட் மாட்டினாள். இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்றான். பிறகு அவள் நகர்ந்து பதினேழு ஏ-யில் உட்கார்ந்து தன் பெல்ட்டை மாட்டினாள். ஜெயித்த மாதிரி இல்லை. அவன் கையை விடவில்லை என்பதால் ஒரு கையை அவனிடமே கொடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் குலுக்கல் நின்றது. முன் சீட்டுக்காரருக்குத் தாகம் எடுத்திருக்க வேண்டும். கையை மேலே நீட்டிப் பொத்தானை அழுத்தினார். டிங்.

"அங்கிள், பெல் அடிக்காதீங்க. நிறுத்திட்டா எல்லாரும் விழுந்துடுவோம்" என்றான் பட்டாணி. இருபத்தைந்தாவது வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பட்டாணி மட்டும் சிரிக்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அக்காவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். அவர் தண்ணீரைச் சத்தமில்லாமல் குடித்தார்.

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே மேகம். தட்டையாக இல்லவே இல்லை. யாரோ நூறு மெத்தைகளைக் கிழித்துப் பஞ்சைக் கொட்டியதுபோல் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அதன் மேல் விமானத்தின் நிழல் சின்னதாக ஓடியது. நிழலைச் சுற்றி ஒரு வட்ட வானவில்கூட இருந்தது. அது இருக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ரொம்ப நேரம் கழித்து விமானம் இறங்கத் தொடங்கியது. மறுபடி பெல்ட் விளக்கு எரிந்தது. மேகம் கிழிந்து, கீழே தரை தெரிந்தது. வயல்கள், ஒரு ஆறு, ஆற்றின் மேல் பாலம், பாலத்தில் எறும்பு மாதிரி ஏதோ ஊர்ந்தது.

பட்டாணி எக்கிப் பார்த்துவிட்டான்.

ரோடு வந்துவிட்டது, பஸ்ஸெல்லாம் போகிறது, தனக்கு ஜன்னல் வேண்டும் என்று தொடங்கினான். வேண்டும் என்றால் இப்போதே வேண்டும். காது வேறு அடைத்துக்கொண்டது, அதற்கும் சேர்த்து அழுதான். பாப்பா பால் புட்டியைத் துப்பிவிட்டு அவனோடு போட்டிக்கு வந்தாள். முன் சீட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

பெரியவளுக்கு அடுத்து என்ன என்று தெரியும். காலம் காலமாகத் தெரிந்ததுதானே. பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட்டில் கை வைத்தாள்.

"கையை எடு" என்றாள் அம்மா. "நீ உக்காரு. அது உன் சீட்டு."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறும்போதே நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான். உனக்கும் பத்து வயசுதானே ஆகுது."

முன் சீட்டுக்காரர் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். இந்தத் தடவை மன்னிப்பு எதுவும் இல்லை.

"நாலு வயசுப் பையன் சார். காது வலிக்குது, அழுறான். கீழ இறங்கினா நிறுத்திடுவான். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பட்டாணி அழுதுகொண்டே இருந்தான். அழட்டும். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, எச்சிலை விழுங்கு, விழுங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியவளுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருந்தது. அதைத் தரையில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். இப்போது அவளுக்கு நேரமில்லை. கீழே வீடுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஒரு மொட்டை மாடியில் யாரோ சிவப்புப் போர்வையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மூக்கு ஜன்னல் கண்ணாடியில் நன்றாக அழுந்தியிருந்தது.