விளக்கறையில் ஒரு புள்ளி

பீரங்கி இன்னும் சுடவேயில்லை. ஆனாலும் தகட்டில் துளை இருந்தது.

குண்டூசி முனையளவுதான். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய சோதனை அறையைத் திறந்து தகட்டை வெளியே எடுத்தபோது, சூடேறிய உலோகமும் கருகிய முடியும் கலந்தாற்போல் ஒரு வாடை பொறியாளரின் மூக்கில் ஏறியது.

"சுடாமலே ஓட்டை விழுமா சார்? அவ்வளவு கெட்டிக்காரியா நான்?" என்று சிரித்தாள் பீரங்கிக்காரி. அந்தச் சோதனைக்கூடத்தில், விண்கல் மோதுவதுபோல் தகடுகள்மேல் குண்டு சுட்டுப் பார்ப்பது அவள் வேலை. "எதுக்கும் விளக்குல பார்த்துடலாம்."

விண்கலத்தின் கவசத்துக்கு இரண்டு தகடுகள். முன்தகட்டில் மோதும் கல் தூளாகும். அந்தத் தூளைப் பின்தகடு தாங்க வேண்டும். தாங்கியதா என்று விளக்கறையில்தான் தெரியும். நடுச்சுவரின் சதுரத் திறப்பில் பின்தகட்டைப் பொருத்தி, இந்தப் பக்கம் விளக்கோடு அவர் நிற்பார். அந்தப் பக்க இருட்டிலிருந்து அவள் பார்ப்பாள். ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் கவசம் தேறாது.

போன வருடம் ஒரு புள்ளி இருந்தது. அவர் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். கலம் கிளம்ப ஒரு மாதம்தான். மறுபடி முதலிலிருந்து யார் மாரடிப்பது? "ஒண்ணும் தெரியலையே சார்," என்றாள் அவள். கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கவசத்தை நம்பி ஏறியவர் அவருடைய அக்கா கணவர். "ஓட்டை விழுந்துச்சுன்னா, திரும்பி வந்து உன் கழுத்தைப் பிடிப்பேன் மச்சான்," என்று வாசலில் நின்று சிரித்தவர். மணல் பருமனில் ஒரு கல். உடல்கூட வீடு வரவில்லை.

பொறியாளர் தகட்டைத் திறப்பில் பொருத்தி விளக்கைப் போட்டார். முதுகில் சூடு. தகட்டில் அவர் நிழல். பின்னால், தலைக்கவசத்துக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல் சீரான சத்தம். மின்விசிறியாக இருக்கும்.

மின்விசிறி ஓடவில்லை.

கட்டைவிரல் தானாகத் துளைமேல் போனது.

"ஒண்ணு தெரியுது சார்," சுவருக்கு அப்பால் அவள் குரல்.

அழுத்தினார்.

"இன்னும் தெரியுது. பளிச்சுனு."

விரலைத் தூக்கிப் பார்த்தார். நகத்தின் நடுவே ஓட்டை. ரத்தமில்லை. வலியில்லை. அதன் வழியே வெளிச்சம்.

நிழலைப் பார்த்தார். நெஞ்சில் ஒரு புள்ளி. பிறகு மூன்று. பிறகு வாரித் தூவியதுபோல்.

"மாமா..."

மூச்சு நெஞ்சின் ஓட்டைகள் வழியே சீறி வெளியேறியது.

நிழலின் தோளுக்கு மேலே விண்வெளி உடையின் தடித்த கையுறை ஒன்று நீண்டது. கழுத்தைப் பிடித்தது. இன்னொன்று தகட்டுக்கு வந்தது. அதன் கட்டைவிரல் மெதுவாகத் துளையை மூடியது.

"இப்போ ஒண்ணும் தெரியலை சார்," என்றாள் பீரங்கிக்காரி. "பாஸ்னு எழுதிடவா?"

அந்தப் பக்க இருட்டில் பேனா மூடி கழன்ற சத்தம் கேட்டது. கட்டைவிரல் இன்னும் அழுத்தமாக ஊன்றியது.